எட்டு போதும் என்று சொன்னவர்

— அசையாதீங்க டீச்சர். பாதி ஊசி என் வாயில இருக்கு, பாதி உங்க ஸ்கர்ட்ல இருக்கு.

— நான் அசையலைக்கா. ஸ்டூல்தான் ஆடுது.

— அது நான் தையல் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஆடுது. அதுமேல நின்ன யாரும் இதுவரைக்கும் விழுந்ததில்லை... ஆமா, என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?

— நீங்க ஒண்ணும் சொல்லலை. முட்டிக்குக் கீழ நாலு விரல் இறக்கம்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

— இல்லையே. எதிர்க் கடையைப் பத்தி நான் ஆரம்பிச்சேன், நீங்க சட்டுனு இறக்கத்துக்குத் தாவிட்டீங்க. இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. கழுத்தை மட்டும் திருப்புங்க, இடுப்பைத் திருப்பாதீங்க. கம்ப்யூட்டர் கடை வாசல்ல ஸ்க்ரூ அண்ணன் ஸ்கூட்டர் நிக்குதா?

— நிக்குது. அந்தக் கடை மெக்கானிக் வண்டி அந்தக் கடை வாசல்லதானே நிக்கும்.

— இன்னையோட நிக்காதாம்... என்ன டீச்சர், மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டீங்க? இடுப்பளவு தப்பாப் போயிடும். விடுங்க மூச்சை.

— நிக்காதுன்னா?

— சாயங்காலம் கடை மூடுறதுக்குள்ள கருவிப் பையையும் சாவியையும் மேசைமேல வச்சுட்டுக் கிளம்பிடணும்னு முதலாளி சொல்லிட்டாராம். உங்க வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்ததுக்கு.

— ஒரு கம்ப்யூட்டருக்காக யாராவது வேலையை விட்டு...

— ஒரு கம்ப்யூட்டர் இல்லை டீச்சர், உங்க கம்ப்யூட்டர். பள்ளிக்கூடத்துல இருக்கிறது நாப்பது. அத்தனையையும் பார்த்துக்கிறது இந்தக் கடை. அதுல பாடம் நடத்துறது நீங்க. உங்க வீட்டு மெஷினையே கெடுத்துட்டான்னா, நாளைக்கு நாப்பதும் கையை விட்டுப் போயிடுமேன்னு முதலாளிக்குப் பயம். "கம்ப்யூட்டர் டீச்சரே சொல்றாங்கன்னா அதுல தப்பு இருக்குமா"ன்னு கேட்டாராம்.

— அந்தக் கடை வாசப்படியை நான் மிதிக்கலைக்கா.

— நீங்க மிதிச்சீங்கன்னு யார் சொன்னா? பேச்சுக்குக் காலா வேணும்? இந்தப் பக்கம் திரும்புங்க, கொஞ்சம்... போதும். ஆனா தெருவுல யாரு யாருக்கோ தெரிஞ்சிருக்கு. நீங்களும் எங்கிட்ட சொன்னீங்கதானே, இந்தத் துணியைக் கொடுக்க வந்தப்ப. நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினை அந்த மெக்கானிக் கை வச்சுக் கெடுத்துட்டார்னு.

— சொன்னேன்.

— அவர்தானே கெடுத்தார்?

— அதான் சொன்னேனே.

— சரி, சரி. ஒரு பேச்சுக்குக் கேட்டேன். இதுக்குப் போய் காது சிவக்குது உங்களுக்கு.

— வெயில்.

— வெயில் அந்தப் பக்கம் அடிக்குது டீச்சர்... ஊர்லேருந்து வந்திருக்கிற உங்க நாத்தனார் நேத்து இங்க வந்திருந்தாங்க. தலையணை உறை தைக்கணும்னு. அன்னைக்கு உங்க வீட்டுல நடந்ததை நடிச்சே காட்டிட்டாங்க.

— எதை?

— மெமரி எவ்வளவு சேர்க்கிறதுன்னு நீங்க எல்லாரும் ஏலம் விட்டதை.

— ஏலமெல்லாம் ஒண்ணும் இல்லை.

— அவங்க சொன்னதைத்தான் நான் சொல்றேன். ஸ்க்ரூ அண்ணன் வந்து, அந்த வீங்கின முட்டியை நீட்டிக்கிட்டுத் தரையில உட்கார்ந்து, பக்கத்து மூடியைக் கழட்டி, கழட்டின ஸ்க்ரூவை எல்லாம் வழக்கம்போல உதட்டுக்கு நடுவுல வச்சுக்கிட்டாராம். உள்ள நாலு ஜிபிதான் இருக்கு, நத்தை மாதிரி நகர்றது அதனாலதான், எவ்வளவு ஆக்கலாம்னு கேட்டாராம். ஓடுற வரைக்கும் ஓடட்டுமே, எதுக்கு ஆக்கணும்னு உங்க வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குள்ள இருந்தே சொன்னாராம்.

— அவர் எதை ஆக்கணும்னுதான் சொல்லியிருக்கார், இதைச் சொல்ல.

— எங்க வீட்டுல முப்பத்திரண்டுன்னு உங்க நாத்தனார் சொன்னாங்களாம். எங்கிட்ட சொல்றப்பவே கழுத்து ஒரு சாண் நீண்டுச்சு. அங்க எவ்வளவு நீண்டுச்சோ.

— அந்த முப்பத்திரண்டை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்றாங்க தெரியுமாக்கா? சீட்டு விளையாடுறாங்க. தனியா. சிவப்புமேல கறுப்பு, கறுப்புமேல சிவப்பு.

— அப்படிச் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் நீங்க பதினாறுன்னு கையைத் தூக்கினீங்களாம்.

— கையெல்லாம் தூக்கலை. சொன்னேன். கூட இருந்தா நல்லதுதானே? பாடத்துலயே இருக்கு, மெமரி கூடக் கூட வேகம் கூடும்னு.

— அவர் என்ன சொன்னார்?

— உள்ள இருக்கிற போர்டு பழசு, எட்டுக்கு மேல ஏத்துக்காதுன்னு சொன்னார்.

— அவ்வளவுதானா? உங்க நாத்தனார் இன்னும் ஒண்ணு சொன்னாங்களே...

— ...வாயில இருந்த ஸ்க்ரூவைக் கையில எடுத்துக்கிட்டு, "நீங்க பண்ற வேலைக்கு எட்டு போதும் டீச்சர்"னார்.

— ம்.

— அது என்னக்கா, நீங்க பண்ற வேலைக்கு? நாத்தனார் பக்கத்துல நிக்கிறாங்க. அவங்க உதடு இப்படி ஓரமாப் போகுது. பன்னெண்டு வருஷமா கரும்பலகையில படம் போட்டு, அம்புக்குறி போட்டு, மெமரின்னா என்னன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவ நான். எனக்கு எட்டு போதுமாம்.

— அது தொழில்காரங்க பேச்சு டீச்சர். அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லை. உங்க உயரத்துக்கு ரெண்டு மீட்டர் போதும்னு நானும்தான் சொல்றேன். மூணு மீட்டர் வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறவங்களும் இருக்காங்க. மிச்சத்தை நான் என்ன பண்ண, வாலா தைச்சுக் கொடுக்க முடியுமா?

— சிரிக்க வைக்காதீங்க. ஊசி குத்துது.

— அப்புறம் எட்டைப் போட்டுட்டுப் போனார். ஓடுச்சா?

— ஓடுச்சு.

— நல்லாவா?

— நல்லாத்தான். அமுக்கினவுடனே திறந்துச்சு. பரீட்சைத் தாள் அடிக்கிறப்ப நடுவுல நிக்கவே இல்லை.

— அப்புறம் எப்பக் கெட்டுச்சு?

— அக்கா, நீங்க தைக்கிறீங்களா, விசாரணை பண்றீங்களா?

— ரெண்டும்தான். கை அது பாட்டுக்குப் போகும், வாய் அது பாட்டுக்குப் போகும். பழக்கம்... காலையில அவர் சம்சாரம் வந்துச்சு.

— யாரு?

— ஸ்க்ரூ அண்ணன் சம்சாரம். பட்டன் வைக்கிற வேலை, கொக்கி வைக்கிற வேலை ஏதாவது இருந்தாக் கொடுங்கக்கான்னு. இதுக்கு முன்னாடி இந்த வாசலுக்கு அது வந்ததே இல்லை. நான் உட்காரச் சொன்னேன், மாட்டேன்னுச்சு. அப்புறம் உட்கார்ந்துச்சு. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

— என்ன சொன்னாங்க?

— முதலாளி கடையில நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுக் கேட்டாராம், நீதான் கெடுத்தியான்னு. இந்த மனுஷன் ஆமான்னும் சொல்லலையாம், இல்லைன்னும் சொல்லலையாம். டீச்சர் வீட்டுக்குப் போனேன், எட்டு போட்டேன், ரெண்டு நாள் கழிச்சு ஓடலைன்னு கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான்னாராம். வீட்டுக்கு வந்து சம்சாரம் குடைஞ்ச குடைச்சல்ல ஒரே ஒரு விஷயம் வெளிய வந்திருக்கு.

— என்ன விஷயம்?

— இறக்கம் நாலு விரல்தானே? அஞ்சு வச்சா இன்னும் எடுப்பா இருக்கும்.

— அக்கா. என்ன விஷயம்?

— ஸ்லாட் உடைஞ்சிருந்துச்சாம் உள்ள. மெமரியைச் சொருகுற இடம் இருக்காமே, அது. பக்கத்துல பச்சைப் பச்சையாத் தூள் கிடந்துச்சாம். யாரோ பொருந்தாத ஒண்ணைத் தேய்ச்சுப் பொருத்தி அழுத்தியிருக்காங்கன்னு சொன்னாராம். யாருன்னு கேட்டதுக்கு, மெஷின் பழசுன்னு சொல்லிட்டு முகம் கழுவப் போயிட்டாராம். அது என்ன தூள்னு எனக்குப் புரியலை. உங்களுக்குப் புரியும். எனக்கு என்ன தோணுதுன்னா, அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். போன மாசம் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, என்னம்மா சௌக்கியமான்னு கேட்டார். அவரே தெரியாம எதையாவது தப்பாச் சொருகிட்டு, இப்ப வெளிய சொல்ல முடியாம... இருக்கலாம்ல? அவர்தான்னு நீங்க சொல்லுங்க டீச்சர், நான் நம்புறேன். ஒரு வார்த்தை போதும்.

— ஏன் இப்படி என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?

— நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க.

— ...நகம் தேய்க்கிற அரம்.

— என்னது?

— நகம் தேய்க்கிற அரம்க்கா. அதால தேய்ச்சேன்.

— எதை?

— பதினாறை.

— கொஞ்சம் இருங்க. ஊசியை வாயிலேருந்து எடுத்துக்கிறேன்... சொல்லுங்க.

— ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கினேன். இந்தப் பக்கத்துக் கடையில வாங்கினா அவருக்குத் தெரிஞ்சிடுமேன்னு. பதினாறு ஜிபி, ஒரே துண்டா. எட்டுக்கு மேல ஏத்துக்காதுன்னு அவர் சொன்னது, தன்கிட்ட இருக்கிற எட்டைத் தள்ளிவிடத்தான்னு நினைச்சேன். நாத்தனார் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள பதினாறை மாட்டிக் காட்டிடணும்னு ஒரு... ஒரு வெறி.

— அப்புறம்?

— அந்தப் பச்சைத் துண்டுக்கு அடியில பல்லு மாதிரி வரிசையா இருக்கும். நடுவுல ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டுல அந்த வெட்டுக்கு நேரா ஒரு சின்ன மேடு. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு உட்காரணும். இது உட்காரலை. வெட்டு கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. புது ரகம், பழைய மெஷினுக்குச் சேராது. அதுக்காகத்தான் கம்பெனிக்காரன் வெட்டையே தள்ளி வச்சிருக்கான். இப்பத் தெரியுது.

— அன்னைக்குத் தெரியலையா? நீங்க...

— சொல்லுங்க. நீங்க கம்ப்யூட்டர் டீச்சராச்சேன்னு சொல்லுங்க. பன்னெண்டு வருஷத்துல ஒரு மெஷின் மூடியைக்கூட நான் கழட்டினது இல்லைக்கா. புத்தகத்துல படம் இருக்கு. படத்துல வெட்டு இல்லை. கம்பெனிக்காரன் வெட்டைத் தப்பாப் போட்டுட்டான்னு நினைச்சேன். குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டு, கவுத்துப் போட்ட வாளிமேல உட்கார்ந்து அந்த வெட்டை அகலமாத் தேய்ச்சேன். அரை மணி நேரம். நாத்தனார் கதவைத் தட்டி, இவ்வளவு நேரமா என்ன குளியல்னு கேட்டாங்க. தலைக்குக் குளிக்கிறேன்னு சொன்னேன்.

— அய்யோ டீச்சர்.

— சிரிக்கிறீங்களா?

— சிரிக்கலை.

— தோள் குலுங்குது.

— வாளின்னதும் கொஞ்சம் வந்துடுச்சு. இப்ப இல்லை. சொல்லுங்க.

— சந்தேகம் வரக்கூடாதுன்னு தலையையும் நனைச்சுக்கிட்டு வெளிய வந்தேன், ஒட்டியிருந்த தூளைக்கூடத் தட்டாம அதை வச்சு அழுத்தினேன். ரெண்டு கட்டைவிரலும் வெளுத்துப் போற மாதிரி. டக்குனு ஒரு சத்தம். சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. உட்கார்ந்துடுச்சுன்னு நினைச்சேன். உட்கார்ந்தது இல்லை, உடைஞ்சது. ஸ்விட்சைப் போட்டேன், கருகின வாடை வந்துச்சு. பிடுங்கிட்டு அவர் போட்ட எட்டைத் திரும்ப மாட்டினேன். ஒண்ணும் வரலை.

— அவரைக் கூப்பிட்டீங்க.

— நான் கூப்பிடலை. நாத்தனார்தான் கூப்பிட்டாங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடி கை வச்ச ஆளைத்தானே கேட்கணும்னு. நான் தடுக்கலை. அவர் வந்தார். அதே மாதிரி கால் நீட்டி உட்கார்ந்தார், மூடியைக் கழட்டினார், டார்ச் அடிச்சுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

— நீங்க?

— நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாத்தனார் கேட்டாங்க, நீங்க போட்டதுதானே இதுன்னு. ஆமாம்மா, நான் போட்டதுதான்னார். வேற ஒண்ணும் சொல்லலை. மூடுறதுக்கு முன்னாடி அந்தப் பச்சைத் தூளைக் கட்டைவிரலால துடைச்சார்க்கா. நாத்தனார் குனிஞ்சு எட்டிப் பார்க்கிறதுக்குள்ள துடைச்சு, சட்டையில தடவிக்கிட்டார். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும்.

— அதுக்கு அடுத்த நாள்தான் இங்க வந்தீங்க, துணி கொடுக்க.

— ஆமா.

— வந்து, அவர்தான் கெடுத்தார்னு எங்கிட்ட சொன்னீங்க.

— நீங்க கேட்டீங்க, கம்ப்யூட்டர் இப்ப பறக்குதாமேன்னு. என்ன சொல்றதுன்னு தெரியலை. வாயில வந்துடுச்சு. சொல்லி முடிச்சப்புறம் எனக்கே அது நடந்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போற வழியில இன்னும் நல்லா நடந்த மாதிரி இருந்துச்சு.

— முகத்தைத் துடைச்சுக்கோங்க. அந்தத் துண்டு வேண்டாம், அதுல சுண்ணக்கட்டித் தூள் இருக்கு. இந்தாங்க.

— அங்க என்ன நடக்குதுக்கா? ஜன்னல்ல.

— மேசையைத் துடைச்சுக்கிட்டு இருக்கார்.

— போறவர் எதுக்கு மேசையைத் துடைக்கணும்?

— அவர் மேசை. அப்படித்தான் விட்டுட்டுப் போகணும்னு நினைக்கிறாரோ என்னவோ. முதலாளி பையைத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கிறார். திருப்புளி, கொறடு, இன்னும் என்னமோ... இவர் பக்கத்துல நின்னு, இந்த முனை தேய்ஞ்சிருக்குன்னு காட்டுறார் போல. அடுத்து வர்ற ஆளுக்குச் சொல்லி வைக்கத்தான்.

— பார்க்காதீங்க. போதும்.

— நீங்கதானே கேட்டீங்க.

— நான் போய்ச் சொன்னா என்ன ஆகும்?

— அவர் ஸ்கூட்டர் அங்கேயே நிக்கும்.

— எனக்கு என்ன ஆகும்னு கேட்டேன்.

— அது... பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். சிரிப்பாங்க. முதலாளி தலைமையாசிரியர்கிட்ட சொல்லுவார். அவங்க ஆசிரியர் அறையில சொல்லுவாங்க. ஒரு வாரத்துல உங்க வகுப்புல கடைசி பெஞ்சுல ஒருத்தன் நக அரத்தைக் கொண்டு வந்து மேசைமேல வைப்பான்.

— திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்கு மெமரி பாடம்.

— அப்ப திங்கட்கிழமையே வைப்பான்.

— நாத்தனார்?

— உங்க நாத்தனார் முப்பத்திரண்டு வருஷத்துக்கு இதைச் சொல்லுவாங்க.

— நல்லா ஆறுதல் சொல்றீங்க.

— எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஊர்க்கதை சொல்லத்தான் வரும்.

— அவிழ்த்து விடுங்கக்கா.

— எதை?

— இந்த ஸ்கர்ட்டை. இல்லை, வேண்டாம். இப்படியே போறேன். மாத்திக்கிட்டு நின்னா மனசு மாறிடும் எனக்கு.

— ஊசியோடயா? குனிய முடியாது, வேகமா நடக்கவும் முடியாது.

— தெருவைத் தாண்டத்தானே. கையைக் கொடுங்க, இறங்குறேன்... ஆங். என் செருப்பு எங்க?

— இதோ. இருங்க, ஜன்னலைச் சாத்திட்டு நானும் வர்றேன்.

— நீங்க எதுக்கு? வேடிக்கை பார்க்கவா? வேண்டாம்க்கா. ப்ளீஸ். சொல்றப்ப நீங்க பக்கத்துல நின்னா எனக்கு இன்னும் கூசும். இது என் மானக்கேடு, நானே போய்ப் பட்டுக்கிறேன்.

— உங்களது மட்டும் இல்லை டீச்சர். நீங்க எங்கிட்ட சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே, மழைக்கு ஒதுங்குற மாதிரி அந்தக் கடைக்குள்ள போய், முதலாளி காதுல அதைப் போட்டது நான்தான். காலையில அவர் சம்சாரம், எந்தப் பாவி போய்ச் சொன்னாங்கன்னு தெரியலைக்கான்னு எங்கிட்டயே அழுதுச்சு. நான் பட்டனை எண்ணுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். நிஜமாவே அவர்தான் கெடுத்தார்னு நீங்க சொல்லிட மாட்டீங்களான்னுதான், நாலு விரல் இறக்கத்துக்கு இவ்வளவு நேரம் உங்களைக் கீழ இறக்காம நிக்க வச்சிருந்தேன்.